தாசில்தார் சிங்கின் மறு உத்தியோகம்

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதிலே தகப்பனாருடைய ஆசை வெளிப்படும் என்பார்கள். ஆக்ரா ஜில்லாவில் கேரா ராத்தோர் என்னும் கிராமத்திலே வாழ்ந்த மான் சிங் என்பவர் தம் குமாரர்களில் ஒருவருக்குச் சுபேதார் சிங் என்றும், மற்றொருவருக்குத் தாசில்தார் சிங் என்றும் பெயரிட்டார். ஒருவன் பட்டாளத்திலும் இன்னொருவன் ரெவின்யூ இலாகாவிலும் பெரிய உத்தியோகம் பார்க்கட்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். நடந்தது வேறு. கிராமத்துக் கட்சிப் பகையும் நிலத் தகராறும் முற்றிப்போய், மான் சிங் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சம்பல் நதிப் பள்ளங்களுக்குள் இறங்கினார். குமாரர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். தாசில்தார் சிங் ஊர் ஊராகச் சென்று வசூல் செய்தது என்னவோ உண்மைதான். ஆனால் அந்த வசூலுக்கு ரசீது கொடுக்கும் வழக்கம் இல்லை!

இந்த மனிதரைப் பற்றி இப்போது என்ன பிரஸ்தாபம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் சிறிய லேத் பட்டறை ஒன்றை நடத்துகிறவர். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் மோட்டார் கார்கள் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்கு வேண்டிய சிறு உறுப்புக்களைக் கடைந்து கொடுக்கும் எத்தனையோ பட்டறைகளில் இவருடையதும் ஒன்று. இவரிடம் ஓர் இளைஞன் வேலை கேட்டு வந்தானாம். ஒரு மணி நேரம் இயந்திரத்தில் நிறுத்திப் பார்த்தாராம், நல்ல கை. "நடுவில் இரண்டு வருஷம் எங்கே இருந்தாய்?" என்று கேட்டதற்கு, "புழலில்" என்றானாம். "இவனைச் சேர்த்துக்கொள்ளலாமா? பட்டறையில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள்?" என்று கேட்கிறார் நண்பர். அவர் கேட்டது யோசனை. நான் முதலில் ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். நடந்த கதைதான்.

சம்பல் நதி பாயும் பிரதேசத்தில் மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானம் ஆகிய மூன்று ராஜ்யங்களின் எல்லைகளும் நெருங்கி வருகின்றன. மழைநீர் பல நூற்றாண்டுகளாக மண்ணை அரித்து அரித்து, ஆள் உயரத்துக்கும் மேலான பள்ளங்களையும் மண் சுவர்களையும் உண்டாக்கியிருக்கிறது. உள்ளே புகுந்தவனை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது அரிது. ஒரு ராஜ்யத்துப் போலீஸார் துரத்தினால் அடுத்த ராஜ்யத்துக்குள் போய்விடலாம். இங்கே வாழ்ந்தவர்களை நாம் கொள்ளைக்காரர்கள் என்கிறோம். அவர்கள் தங்களைப் 'பாகி' என்று சொல்லிக்கொண்டார்கள். கலகக்காரன் என்று அர்த்தம். சொல் எதுவானால் என்ன? இவர்கள் கையால் செத்தவர்கள் செத்தவர்கள்தான். கிராமத்து ஜனங்கள் இவர்களில் சிலரைக் கொண்டாடியதும், மான் சிங்குக்கு அவருடைய ஊரில் ஒரு கோவில் இருப்பதும் நம் தேசத்து விசித்திரங்களில் சேர்ந்தவை.

1955ஆம் வருஷம் மான் சிங்கும் சுபேதார் சிங்கும் கூர்க்காப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தாசில்தார் சிங் அப்போது சிறையில் இருந்தார். அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அலகாபாத்தை அடுத்த நைனி சிறையில் கயிற்றுக்காகக் காத்திருந்த அந்த மனிதர் ஒரு கடிதம் எழுதினார். ஆசார்ய வினோபா பாவேக்கு எழுதினார். சாவதற்கு முன்னால் தங்களைத் தரிசிக்க வேண்டும், பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிறவர்களையும் தாங்கள் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

வினோபாவை நம் ஜில்லாக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1956ஆம் வருஷம் காஞ்சிபுரத்தில் சர்வோதய சம்மேளனம் கூடியபோது அவர் வந்திருந்தார். தமிழ்நாடு முழுவதும் கால்நடையாகவே பூமிதானம் கேட்டுச் சென்றார். கடிதம் வந்த சமயம் அவர் காஷ்மீரத்தில் நடந்துகொண்டிருந்தார். தாம் போக முடியாதபடியால், ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் யதுநாத் சிங்கை நைனிக்கு அனுப்பினார். அவர் தாசில்தார் சிங்கைச் சந்தித்தார். பிறகு பள்ளத்தாக்குக்கும் போய்ப் பேசினார். 1960 மே மாதம் வினோபா சம்பல் பிரதேசத்தில் நடந்தார். எந்தச் சலுகையும் வாங்கித் தருவதாக அவர் வாக்களிக்கவில்லை. ஆயினும் இருபது பேர் அவர் முன்னால் ஆயுதங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். மான் சிங்குக்குப் பின் அந்தக் கூட்டத்தைக் கட்டிக் காத்த லோக்மன் தீட்சித் என்பவரும் அவர்களில் ஒருவர். 'லுக்கா' என்றால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும்.

இதை எல்லோரும் கை தட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்துப் போலீஸ் தலைவராயிருந்த ஸ்ரீ ருஸ்தம்ஜி பகிரங்கமாகவே ஆட்சேபித்தார். போலீஸார் உயிரைக் கொடுத்துப் பிடிக்க முயன்றவர்களைச் சாதுக்களைப் போல் நடத்துவதா என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் இதே ருஸ்தம்ஜி பின்னால் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தேசியப் போலீஸ் கமிஷனின் அங்கத்தினராகப் பீகார் சிறைகளைப் பார்வையிட்டார். விசாரணையே நடக்காமல் வருஷக் கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைக் கண்டு மனம் பொறாமல், 1979 ஜனவரியில் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார். அந்தக் கட்டுரைகளை ஆதாரமாக வைத்துத்தான் ஸ்ரீமதி கபிலா ஹிங்கோரானி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஹுஸைனாரா காத்தூன் வழக்கு என்று சட்டப் புஸ்தகங்களில் வழங்குவது அதுவே. சிறைக்கு உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்குப் பழைய அபிப்பிராயம் அப்படியே இருப்பதில்லை போலும்.

போகட்டும். ராஷ்டிரபதி தாசில்தார் சிங்கின் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அவர் தண்டனையை அனுபவித்து வெளியே வந்தார். லோக்மனும் வழக்குகளைச் சந்தித்துச் சிறையிலிருந்து மீண்டார். சாதாரணமாக இத்தகைய கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். கொள்ளைக்காரன் திருந்தினான், குடும்பத்தோடு சுகமாக வாழ்ந்தான் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். ஆனால் இவர்களுடைய ஜீவியத்தின் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

1971ஆம் வருஷம் அக்டோபர் மாதம். பாட்னாவில் ஸ்ரீ ஜயப்பிரகாச நாராயணரின் இல்லத்துக்கு, ராம் சிங் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு காட்டுக் கான்டிராக்டர் வந்தார். பள்ளத்தாக்கில் இருக்கிறவர்கள் சரணடைய விரும்புகிறார்கள், தாங்கள் முன் நின்று நடத்த வேண்டும் என்றார். ஜயப்பிரகாசருக்கு உடம்பு சரியில்லை. வேறு வேலைகளும் இருந்தன. தட்டிக் கழித்துப் பார்த்தார். கடைசியில் வந்தவர், "நான் ராம் சிங் இல்லை, மாதோ சிங்" என்று சொன்னார். மாதோ சிங்கின் தலைக்கு அப்போது சர்க்கார் வைத்திருந்த விலை 1,50,000 ரூபாய்! ஜயப்பிரகாசர் அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை, காரியத்தை ஒப்புக்கொண்டார். 1942ஆம் வருஷம் தீபாவளி இரவில் ஹஜாரிபாக் சிறைச் சுவரைத் தாண்டிக் குதித்தவர் அவர். அவருடைய தலைக்கும் பிரிட்டிஷ் சர்க்கார் விலை வைத்ததுண்டு. தலைக்கு விலை வைக்கப்பட்டவன் எப்படித் தூங்குவான் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா?

சர்க்கார்களிடம் ஜயப்பிரகாசர் கேட்ட முக்கியமான உறுதி ஒன்றுதான்: சரணடைகிறவர் எவரையும் தூக்கில் போடக்கூடாது. சட்டப்படி விசாரியுங்கள், தண்டனை கொடுங்கள், ஆனால் உயிரை எடுக்காதீர்கள் என்றார். உறுதி கிடைத்தது. ஆனால் அதை யார் போய்ப் பள்ளத்தாக்கில் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? சர்க்கார் வாக்கை நம்பி வெளியே வந்து குண்டடி பட்டுச் செத்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். தேசத் தலைவர் ஒருவர் சொல்கிறார் என்றால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள். துப்பாக்கியைக் கீழே வைக்க மாட்டார்கள்.

இந்த வேலைக்குத்தான் தாசில்தார் சிங்கும் லோக்மனும் போனார்கள். சர்வோதய ஊழியர்களான மகாவீர் சிங், ஹேம்தேவ் சர்மா ஆகியோருடன் சேர்ந்து, ஒவ்வொரு கூட்டத்தையும் தேடிப் பள்ளங்களுக்குள் நடந்தார்கள். ஒரு காலத்தில் துப்பாக்கியோடு திரிந்த பூமியில் வெறுங்கையோடு திரிந்தார்கள். இவர்கள் நீளமாகப் பிரசங்கம் செய்ய வேண்டிய அவசியம் இருந்திராது என்று நினைக்கிறேன். தூக்குக் கயிறு நிச்சயம் என்றிருந்த மான் சிங்கின் மகன் உயிரோடு எதிரே வந்து நிற்கிறான். சரணடைந்த லுக்கா முழு மனிதனாக வந்து நிற்கிறான். ஆயிரம் உத்தரவாதப் பத்திரங்களைவிட இந்த இரண்டு சரீரங்களுக்கு அதிக மதிப்பு இருந்தது. சர்க்காரின் வாக்குக்கு ஜாமீன் நின்றவர்கள் இரண்டு பழைய கைதிகள்!

1972 ஏப்ரல் 14ஆம் தேதி மொரேனா ஜில்லாவில் ஜௌரா என்ற ஊரில், மகாத்மாவின் படத்துக்கு முன்னால் மோகர் சிங்கும் மாதோ சிங்கும் அவர்களுடைய ஆட்களும் ஆயுதங்களை வைத்தார்கள். அது நடந்த காந்தி சேவாசிரமத்தை ஏற்படுத்தியவர் ஸ்ரீ சுப்பராவ். பெங்களூரில் பிறந்தவராயினும், சேலம் நஞ்சுண்டையா சுப்பராவ் என்ற முழுப் பெயரே அவருடைய பூர்விகத்தைக் காட்டிவிடும். 2021ஆம் வருஷம் காலமானார். அந்த வருஷத்தில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் ஆயுதம் துறந்தார்கள். அவர்களில் பலரை வைப்பதற்காக முங்காவலி என்ற இடத்தில் 1973ஆம் வருஷம் ஒரு திறந்த சிறை ஏற்பட்டது. திறந்த சிறை என்றால் என்ன என்று யோசிப்பவர்கள், எம். ஜி. ஆர். நடித்த 'பல்லாண்டு வாழ்க' படத்தை நினைத்துக்கொள்ளலாம். அது சாந்தாராமின் ஹிந்திப் படத்தைத் தழுவியது. அந்த ஹிந்திப் படமோ, சுதந்திரத்துக்கு முன்னால் ஔந்து சமஸ்தானத்தில் நடந்த உண்மையான ஒரு பரிசோதனையைத் தழுவியது. நம் தமிழ்நாட்டிலும் சிவகங்கைச் சீமையில் புரசடைஉடைப்பு என்னும் இடத்தில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. கைதிகள் பயிர் செய்கிறார்கள்.

மோகர் சிங் பிற்காலத்தில் மேகாவ் என்ற ஊரில் நகரசபைத் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020ஆம் வருஷம் முதுமையில் இறந்தார். தாசில்தார் சிங்கும் சட்டசபைத் தேர்தலுக்கு நின்று பார்த்தார், ஜயிக்கவில்லை. அது இந்தக் கதைக்கு முக்கியமில்லை.

இங்கே ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இவர்களால் கொல்லப்பட்டவர்களின் மனைவி மக்கள் என்ன ஆனார்கள்? சரணடைந்த தினத்தில் போட்ட மாலைகளையும், படம் பிடித்த ஆரவாரத்தையும் பார்த்து, தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை ஒருவன் என்ன நினைத்திருப்பான்? அந்தக் காலத்திலேயே பலர் இதைக் கேட்டார்கள், கேட்டது நியாயம். கொள்ளைக்காரர்களை வீரர்களாக்கிய கூத்தை நான் ஆதரிக்கவில்லை. அவர்களுக்கு மாலை வேண்டியதில்லை, வேலைதான் வேண்டும். ஆயினும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நானூறு பேரும் பள்ளத்திலேயே இருந்திருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் தகப்பனை இழந்திருப்பார்கள்? அந்தக் கணக்கில் தாசில்தார் சிங்குக்கும் லோக்மனுக்கும் ஒரு பங்கு உண்டு.

மேல்நாடுகளிலும் இத்தகையவர்கள் இல்லாமலில்லை. ஸ்காத்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஜிம்மி பாயில் என்ற முரடர் 1967ஆம் வருஷம் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை அடைந்தார். சிறை அதிகாரிகளோடு ஓயாமல் சண்டையிட்டவர். பார்லினி சிறையில் ஏற்படுத்திய விசேஷப் பகுதியில் மனிதனாக நடத்தப்பட்ட பிறகு சிற்பியானார், தம் வரலாற்றை எழுதினார். வெளியே வந்து எடின்பரோவில், சிறை மீண்டவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் அகப்பட்டவர்களுக்கும் உதவும் நிலையம் ஒன்றை நடத்தினார். அங்கேயும் நன்றாகப் பேசத் தெரிந்தவர் யாரென்றால், உள்ளே இருந்து வந்தவர்தான்.

இவ்வளவு தூரம் போவானேன்? சிறை மீண்டவனை ஊர் எப்படி நடத்தும் என்பதற்குக் கப்பலோட்டிய தமிழனே சாட்சி. தேசத்துக்காகச் செக்கிழுத்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1912ஆம் வருஷம் டிசம்பர் மாதம் விடுதலையானபோது, அவருடைய வக்கீல் சன்னத்து பறிபோயிருந்தது. பிழைப்புக்காகச் சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், கையைச் சுட்டுக்கொண்டார். கடைசியில் அவருக்குச் சன்னத்தைத் திரும்பப் பெற்றுத் தந்தவர் வாலஸ் என்ற ஒரு வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் பிள்ளை. குற்றமே செய்யாத மகா தேசபக்தருக்கே நம் ஜனங்கள் கொடுத்த வரவேற்பு இதுவானால், புழலிலிருந்து வருகிற லேத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

இப்போது பட்டறைக்கார நண்பரின் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இளைஞன் இரண்டு வருஷம் சிறையில் இருந்தான் என்று எழுதியிருக்கிறாரே தவிர, அவனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதா என்று எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. 2022ஆம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல், விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள். ஜாமீன் கட்ட ஆளில்லாததால் உள்ளே இருப்பவர்கள் அவர்களில் அநேகர். ஆகவே நண்பர் முதலில் அவனை உட்காரவைத்து, வழக்கு என்ன, முடிந்ததா, எப்படி முடிந்தது என்று கேட்கட்டும். தீர்ப்பு நகலைக் காட்டச் சொல்லட்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

தண்டனை அடைந்தவனாகவே இருந்தால்? பெரிய கம்பெனிகளில் போலீஸ் சரிபார்ப்பு கேட்கும் இடங்கள் உண்டு. அங்கே உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காது. மறைத்தால் கிடைத்த வேலையும் போய்விடும். சுப்ரீம் கோர்ட்டு இந்தச் சங்கடத்தை ஆலோசித்திருக்கிறது. 2011ஆம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்றில், டெல்லிப் போலீஸ் வேலைக்கு மனுச் செய்தவர், இளம் பிராயத்தில் தம்மீது இருந்து முடிந்துபோன ஓர் அடிதடி வழக்கை மறைத்தார் என்ற காரணத்தால் வேலை மறுக்கப்பட்டதை நீதிபதிகள் ஏற்கவில்லை. வாலிபத் தவறுக்காக ஒருவனை ஜீவிய காலம் முழுவதும் குற்றவாளி என்று முத்திரை குத்தலாகாது என்ற கருத்தில், ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீனின் கதையையும் எடுத்துக் காட்டினார்கள். சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்க்க, நாகையா நடித்துப் படமாகவும் வந்த 'ஏழை படும் பாடு'தான் அது. நம் பாட்டிமார்கள் கொட்டகையில் உட்கார்ந்து கண்ணீர் விட்ட கதை சுப்ரீம் கோர்ட்டுக்கும் போய்விட்டது! 2016ஆம் வருஷம் அதே கோர்ட்டு, குற்றத்தின் தன்மை, வேலையின் தன்மை, மனுதாரன் உண்மை சொன்னானா என்பதையெல்லாம் சீர்தூக்கியே முடிவு செய்ய வேண்டும் என்று விரிவாகச் சொல்லியிருக்கிறது. அவை சர்க்கார் உத்தியோகம் பற்றிய தீர்ப்புகள்; லேத் பட்டறையைக் கட்டுப்படுத்தமாட்டா. ஆனால் யோசிக்கும் முறை ஒன்றுதான்.

அவன் கேட்கப்படாமலே 'புழலில்' என்று சொல்லிவிட்டவன் இல்லை; கேட்டபோது பொய் சொல்லாதவன். வேறு ஊரில் வேலை பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் யார் போய் விசாரித்திருக்கப் போகிறார்கள்? இது அவன் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய வரவு. சேர்த்துக்கொண்டால் மற்றவர்களுக்குக் கொடுக்கிற கூலியையே கொடுக்க வேண்டும். சிறைக்குப் போய் வந்தவன் வேறு எங்கும் போக முடியாது என்று தெரிந்துகொண்டு பாதிக் கூலிக்கு வைத்துக்கொள்ளும் 'தர்மப் பிரபுக்கள்' சிலரை நான் அறிவேன். நண்பர் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டார் என்று நம்புகிறேன். அவன் கதையைப் பட்டறை முழுவதும் சொல்ல வேண்டியதும் இல்லை. சொல்வதா வேண்டாமா என்பது அவன் காரியம். முதல் ஆறு மாதம் மேஸ்திரி யாராவது கூட இருந்து பார்த்துக்கொள்ளட்டும். புதிதாக வந்த எந்தப் பையனுக்கும் அது வழக்கந்தானே?

தயக்கம் தீராவிட்டால், நண்பர் ஒருநாள் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது புழல் பக்கம் வண்டியைத் திருப்பலாம். சிறைக்கு அருகில் 2023ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு பெட்ரோல் பங்க் திறந்தார்கள். தண்டனை பெற்ற பெண்களை வைத்தே நடத்துவதற்கென்று ஏற்பட்ட பங்க் அது. பெட்ரோல் போட்டுக்கொண்டு, கொடுக்கிற சில்லறையை எண்ணி வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பங்கிலும் அப்படித்தானே செய்கிறோம்!